கட்சிப் பத்திரிகையும் பத்திரிகைச் சுதந்திரமும்: போர்ச்சுகலில் நடந்த நீண்ட வழக்கு

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று கருத்துகள் தவறாமல் காதில் விழும். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் நடுநிலையாக இருந்தன, கட்சிக்காரர்கள் புகுந்துதான் கெடுத்தார்கள் என்பது ஒன்று. சுதந்திரம் என்றால் எதையும் எழுதலாம், சட்டம் குறுக்கே வரக்கூடாது என்பது இன்னொன்று. கட்சிப் பத்திரிகையைக் குறை சொல்பவர் சுதந்திரத்துக்கே எதிரி என்பது மூன்றாவது.

போர்ச்சுகலின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் மூன்றுமே நிற்காது. அந்த நாட்டின் தணிக்கை என்றதும் பலருக்கும் இருபதாம் நூற்றாண்டுச் சர்வாதிகாரி சலசார் நினைவுக்கு வருவார். ஆனால் இந்த வழக்கு அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அங்கே சட்டத்தை அடிக்கடி மாற்றினார்கள். ஒரு ஆட்சி திறந்ததை அடுத்தது அடைத்தது. அதனால் பத்திரிகையைக் கட்டுப்படுத்த ஓர் அரசிடம் என்னென்ன வழிகள் உண்டு என்பதை ஒரே நாட்டில் வரிசையாகப் பார்த்துவிடலாம். புதிதாகப் படிப்பவருக்கு இது பெரிய வசதி.

ஒரு பைக், இரண்டு விதிகள்

பைக் எடுத்துக்கொண்டு வெளியே போகிறீர்கள். ஓர் ஊரில் இப்படி ஒரு விதி: ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் காவல் நிலையத்துக்குப் போய், எங்கே போகிறேன், எந்தத் தெரு வழியாக என்று சொல்லி முத்திரை வாங்க வேண்டும். பக்கத்து ஊரில் வேறு விதி: தாராளமாக வண்டியை எடுங்கள், சிக்னலைத் தாண்டினால் அபராதம்.

இரண்டு ஊரிலும் சட்டம் இருக்கிறது. ஆனால் முதல் ஊரில் மறுக்கப்பட்ட பயணம் எந்தத் தடயமும் இல்லாமல் மறைந்துபோகிறது. நீங்கள் தவறு செய்திருப்பீர்களா என்று யாருக்கும் தெரியாது, நிரூபிக்கவும் முடியாது. இரண்டாவது ஊரில் தவறு எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். நான் சிக்னலைத் தாண்டவில்லை என்று வாதாடலாம்.

இன்னும் இரண்டு கேள்விகள் மிச்சம். நீங்கள் தாண்டினீர்களா என்று தீர்மானிப்பது யார், பிடித்த அதிகாரியேவா, தெருவில் உள்ள மற்றவர்களா? அப்புறம், முத்திரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வண்டி எடுக்கும் முன் ஒரு லட்சம் ரூபாய் டெபாசிட் மட்டும் கட்டுங்கள் என்று சொன்னால்? எழுத்தில் எல்லோருக்கும் சாலை திறந்திருக்கிறது, ஓட்டுபவர்கள் மட்டும் பணக்காரர்கள்.

இனி கலைச்சொற்கள். அச்சிடும் முன் அனுமதி வாங்க வைப்பது முன் தணிக்கை. அச்சிட்ட பிறகு அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைப்பது பின் பொறுப்பு. தவறு நடந்ததா என்று தீர்மானிக்கப் பொதுமக்களிலிருந்து எடுக்கும் குழு ஜூரி. பத்திரிகை தொடங்கும் முன் கட்ட வேண்டிய முன்பணம் பிணைத்தொகை. பத்திரிகைச் சுதந்திரம் என்ற சண்டையில் பாதி இந்த நான்கைச் சுற்றித்தான் நடந்தது. எழுத்தாளரின் துணிச்சல், ஆட்சியாளரின் கொடுமை என்றெல்லாம் உணர்ச்சியாகப் பேசும்போது இந்த உலர்ந்த விவரங்கள் காணாமல் போய்விடுகின்றன. எனக்கு இவைதான் விஷயமே.

“உண்மை குறைவு, நடை மோசம்”

1640 டிசம்பரில் போர்ச்சுகல் ஸ்பெயின் அரசரின் ஆட்சியிலிருந்து பிரிந்து, நான்காம் ஜுவாவைத் தன் அரசராக்கியது. ஸ்பெயினோடு போர் மூண்டது. மறு ஆண்டு நவம்பரில் லிஸ்பனில் ஒரு மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. இன்று அதை ‘கஸெத்தா த ரெஸ்தவுராசாவ்’ என்று அழைக்கிறார்கள். நாட்டின் முதல் பத்திரிகையாக எண்ணப்படுவது இதுதான். போர்க்களச் செய்திகள், அரண்மனைச் செய்திகள், வெளிநாட்டுச் செய்திகள் எல்லாம் அதில் உண்டு. புதிய அரசரின் பக்கம் வெளிப்படையாக நின்ற இதழ் அது. பிறக்கும்போதே ஒரு தரப்பின் குரல். நடுநிலையான பொற்காலம் தொடக்கத்தில் இருந்தது என்பவர்கள் இங்கேயே நின்றுவிட வேண்டியதுதான்.

ஓர் ஆண்டு நிறைவதற்குள், 1642 ஆகஸ்ட் 19-இல் தடைச் சட்டம் வந்தது. அது சொன்ன காரணம் சுவையானது: பல இதழ்களில் உண்மை குறைவு, எல்லாவற்றிலும் நடை மோசம். நடை மோசம் என்று பத்திரிகையை நிறுத்திய அரசை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். அக்டோபரில் அதே இதழ் திரும்ப வந்தது, வெளிநாட்டுச் செய்திகளை மட்டும் சுமந்துகொண்டு. சட்டத்தின் நோக்கம் உண்மையைக் காப்பது என்றால், சரியான உள்நாட்டுச் செய்தி வந்திருக்க வேண்டும். வந்ததோ உள்நாட்டுச் செய்தியே இல்லாத பத்திரிகை. 1647-இல் அதுவும் நின்றது. பொய்யைக் குறை சொல்லித் தொடங்கிய நடவடிக்கை, செய்தியையே எடுத்துவிட்டு முடிந்தது. இந்த வடிவம் மறுபடியும் வரும்.

பிறகு 1663 முதல் 1667 வரை ‘மெர்க்கூரியோ போர்த்துகேஸ்’ என்ற மாத இதழ் வந்தது. அதை எழுதியவர் அரசின் செயலராக இருந்த அன்தோனியோ த சோசா த மசேதோ. தனியார் எழுதினால் உண்மை குறையும், அரசின் செயலரே எழுதினால் குறையாது என்று நினைத்தார்கள் போல.

மூன்று முத்திரைகள்

இதழ்களுக்கு முன்பிருந்தே புத்தகங்களுக்குக் காவல் இருந்தது. போர்ச்சுகலில் இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றம் 1536-இல் அமைந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்பாடு முழுமையடைந்தது: மத விசாரணை மன்றம், உள்ளூர் ஆயர், அரசரின் உயர் நீதி அவை என மூன்று இடங்களில் அனுமதி வாங்கினால்தான் அச்சகம் இயங்கலாம். பழைய போர்த்துகீசியப் புத்தகங்களின் முகப்பில் ‘தேவையான எல்லா அனுமதிகளுடனும்’ என்று ஒரு வரி இருக்கும். பெருமைக்காகப் போட்டதில்லை, கட்டாயம்.

1768-இல் அரசரின் முதன்மை அமைச்சர் பொம்பால் பிரபு இந்த மூன்றையும் ஒரே அரசு வாரியத்துக்குள் கொண்டுவந்தார். இதைச் சிலர் சீர்திருத்தம் என்று புகழ்வதுண்டு. பாதிரியார்களின் பிடி தளர்ந்தது உண்மை. ஆனால் முத்திரை குத்தும் கை மாறியதே தவிர, முத்திரை ஒழியவில்லை. அந்த நூற்றாண்டின் கடைசியில் பழைய மூன்று முத்திரை முறையே திரும்பிவிட்டது.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு செய்தித்தாள் எப்படி இருக்கும்? 1715-இல் தொடங்கிய ‘கஸெத்தா த லிஸ்போவா’ நல்ல மாதிரி. 1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பனின் பெரும்பகுதி நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தது. சில நாள் கழித்து வந்த இதழ் அந்தப் பேரழிவுக்குச் சில வரிகள் ஒதுக்கியது. இந்த நாள் என்றும் நினைவில் நிற்கும் என்றது. நல்லவேளையாக அரசுக் கருவூலத்தின் பெட்டிகள் இடிபாடுகளில் கிடைத்துவிட்டன என்றும் சேர்த்துக்கொண்டது. இத்தனை அடக்கமான பத்திரிகையையும் பொம்பால் ஆட்சியில் 1762-இல் நிறுத்திவிட்டார்கள். 1778-இல்தான் திரும்ப வந்தது.

கடல் கடந்த இடங்களில் நிலைமை இன்னும் இறுக்கம். போர்த்துகீசிய மிஷனரிகள் 1556-லேயே கோவாவுக்கு அச்சு இயந்திரம் கொண்டுவந்தவர்கள். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியதும் அவர்கள் வழியாகத்தான். அப்படிப்பட்ட கோவாவுக்கே முதல் செய்தி இதழ் கிடைக்க 1821 டிசம்பர் வரை ஆனது. இயந்திரம் வந்ததற்கும் செய்தித்தாள் வந்ததற்கும் நடுவில் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி.

உள்ளே எழுத முடியாதவர்கள் வெளியே போனார்கள். மத விசாரணை மன்றத்தின் சிறையிலிருந்து தப்பிய இப்போலித்தோ ஜோசே த கோஸ்தா 1808 ஜூனில் லண்டனில் ‘கொர்ரெய்யோ பிரசிலியென்சே’ என்ற மாத இதழைத் தொடங்கி 1822 வரை நடத்தினார். அது கப்பலில் போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் போனது. அரசு தடை போட்டது. கூடவே இன்னொரு வேலையும் செய்தது. 1811 முதல் லண்டனிலேயே ‘ஒ இன்வெஸ்திகதோர்’ என்ற போட்டி இதழுக்குப் பணம் கொடுத்தது. தணிக்கை எட்டாத இடத்தில் காசு எட்டும் என்று கண்டுகொண்டார்கள்.

இதுவரை பார்த்தது: முதல் இதழ்களே ஒரு தரப்பின் குரல்கள்தான். முன் தணிக்கை அவற்றை நடுநிலையாக்கவில்லை. ஒரே தரப்பை மட்டும் விட்டுவைத்தது. பொய்யைத் தடுப்பதே அரசு சொன்ன காரணம்.

1821: கேள்வி மாறியது

1820 ஆகஸ்ட் 24-இல் போர்ட்டோ நகரில் புரட்சி வெடித்தது. அரசர் அப்போது பிரேசிலில் இருந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் லிஸ்பனில் கூடி, 1821 மார்ச் இறுதியில் மத விசாரணை மன்றத்தை ஒழித்தது. ஜூலையில் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1822 அரசியலமைப்பின் ஏழாவது பிரிவு, எண்ணங்களைத் தடையின்றிப் பகிர்வது மனிதனின் மிக மதிப்புள்ள உரிமைகளில் ஒன்று என்றது. எந்தப் போர்த்துகீசியரும் முன் தணிக்கை இல்லாமல் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லலாம். அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும்.

கடைசி வாக்கியத்தைப் பலர் படிக்காமல் விடுகிறார்கள், அல்லது அரசு கள்ளத்தனமாக நுழைத்த விதிவிலக்கு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தணிக்கை வேண்டாம் என்று வாதாடிய தாராளவாதிகளே, அதாவது அரசரின் அதிகாரத்தைச் சட்டத்துக்குள் அடக்க நினைத்தவர்களே, கேட்டது அது. பைக் கதையில் முதல் ஊரிலிருந்து இரண்டாவது ஊருக்குக் குடிபெயர்வது என்றால் இதுதான்: சட்டம் போகவில்லை, அது வரும் நேரம் மாறியது.

எதெல்லாம் தவறான பயன்பாடு? மதம், அரசு, நல்லொழுக்கம், தனிநபர் என நான்கு தலைப்புகளைச் சட்டம் சொன்னது. நான்கும் ரப்பர் போல இழுக்கக்கூடியவை. அதனால்தான் தீர்மானிப்பது யார் என்பது முக்கியமானது. இந்த வழக்குகளில் தவறு நடந்ததா என்று சொல்லும் பொறுப்பை ஜூரியிடம் கொடுத்தார்கள்.

ஒரு மூலையில் மட்டும் பழைய கதவு திறந்தே இருந்தது. மதக் கோட்பாடு, ஒழுக்கம் ஆகியவை பற்றிய எழுத்துகளைக் கண்டிக்கும் உரிமை ஆயர்களுக்கே என்று எட்டாவது பிரிவு சொன்னது. குற்றவாளிகளைத் தண்டிக்க அரசு உதவும் என்றும் உறுதி தந்தது. புரட்சிக்காரர்களும் பாதிரியார்களோடு மோதுவதில் ஓர் எல்லை வைத்துக்கொண்டார்கள்.

இந்த இயந்திரம் வேலை செய்ததா? அல்மெய்தா கரெத் என்ற இளைஞர் 1821-இல் வீனஸ் தேவதையைப் பற்றி ஒரு நீள்கவிதை வெளியிட்டார். நாத்திகம், ஒழுக்கக்கேடு என்று குற்றம் சாட்டி, பத்திரிகைச் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக வழக்குப் போட்டார்கள். அவரே தன் வழக்கை வாதாடினார். ஜூரி விடுவித்தது. மூன்று முத்திரைக் காலமாக இருந்தால் அந்தக் கவிதை அச்சகத்தையே எட்டியிருக்காது. எட்டவில்லை என்பதும் யாருக்கும் தெரிந்திருக்காது. பிற்காலத்தில் நாட்டின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்டவர் இவர்.

கட்சிப் பத்திரிகை வந்தது, வசையும் கூடவே வந்தது

தணிக்கை போனதும் லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் கொயிம்ப்ராவிலும் டஜன் கணக்கில் இதழ்கள் முளைத்தன. பல சில மாதங்களில் மறைந்தன. ‘அஸ்த்ரோ த லுசித்தானியா’ புரட்சியின் தீவிரப் பக்கம். ‘கஸெத்தா யுனிவர்சல்’ பழைமையின் பக்கம். இவற்றைத்தான் கட்சிப் பத்திரிகை என்கிறோம்: ஒரு தரப்பை ஆதரிப்பதற்கென்றே நடத்தப்படும் இதழ். இன்று போல அலுவலகம், உறுப்பினர் அட்டை கொண்ட கட்சிகள் அப்போது இல்லை. பத்திரிகையைச் சுற்றித்தான் ஆட்கள் சேர்ந்தார்கள், பிறகு அது கட்சியானது. கட்சிகள் புகுந்து பத்திரிகையைக் கெடுத்தன என்பதைவிட, பத்திரிகைகள் கட்சிகளை உண்டாக்கின என்பது இந்த நாட்டுக்குப் பொருந்தும்.

மொழி? படு மோசம். தாராளவாதிகள் எதிரிகளைக் ‘கூனர்கள்’ என்று திட்டினார்கள், அரசர் முன் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர்களாம். எதிர்த் தரப்பில் ஒரு துறவி அந்த வசையையே எடுத்து 1823-இல் தன் இதழுக்குக் ‘கூனர்களின் குத்துவாள்’ என்று பெயர் வைத்தார். பின்னாளில் அவர் எவோரா நகரின் பேராயரானார்.

இந்தச் சூழலில்தான் கட்சிப் பத்திரிகை மீதான முதல் பெரிய விமர்சனங்கள் எழுந்தன. பத்திரிகைகள் நாட்டைப் பிளக்கின்றன, மதத்தை இழிவுபடுத்துகின்றன, கற்காதவனைக் கிளப்பிவிடுகின்றன என்ற புகார்கள். இவற்றை உரக்கச் சொன்னவர்களில் ஜோசே அகொஸ்தின்யு த மசேதோ என்ற பாதிரியார் முக்கியமானவர். முன்பு பார்த்த மசேதோ வேறு, இவர் வேறு. எழுத்தில் அசாத்தியத் திறமை, நாக்கில் விஷம். தாராளவாதிகளின் இதழ்களைக் கிழித்துக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாகத் தானும் இதழ்கள் நடத்தினார். 1828-க்குப் பிறகு, தாராளவாதிகளை எதிர்த்த மிகேல் அரசரின் ஆட்சியில் நடத்தியதன் பெயர் ‘தோலுரித்த மிருகம்’; அந்த மிருகம் தாராளவாதம். நடுவில் தணிக்கையாளராகவும் வேலை பார்த்தார். மற்றவர் எழுதியதை நிறுத்தும் பேனாவும், தான் திட்டி எழுதும் பேனாவும் ஒரே கையில்.

அவர் சொன்ன குறைகளில் சில உண்மை. அந்தக் கால இதழ்களைப் படித்தால் வதந்தியும் வசையும் நிறையவே கண்ணில் படும். ஆனால் ஒரு விமர்சனத்தை எடைபோடும்போது அது என்ன மருந்து கேட்கிறது என்றும் பார்க்க வேண்டும். மசேதோ கேட்டது நல்ல பத்திரிகை அல்ல. எதிர்த் தரப்புப் பத்திரிகை இல்லாத நாடு. 1823-இல் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது கொஞ்ச காலம் கிடைக்கவும் செய்தது. முன் தணிக்கை திரும்பியது, கரெத் இங்கிலாந்துக்கு ஓடினார்.

1826-இல் புதிய அரசியலமைப்புச் சாசனம் வந்தது. தணிக்கை இல்லாமல் எழுதலாம் என்று அதுவும் சொன்னது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் வரவில்லை, ஆகவே தணிக்கையாளர்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. திரும்பி வந்து நாளிதழ் நடத்திய கரெத் 1827-இல் லிஸ்பனின் லிமொய்ரோ சிறைக்குப் போனார்.

முத்திரைக்குப் பதில் பணப்பெட்டி

மிகேலுக்கு எதிரான உள்நாட்டுப் போரில் தாராளவாதிகள் வென்ற பிறகு, 1834 டிசம்பரில் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. முன் தணிக்கை மீண்டும் ஒழிந்தது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது ஆட்சியில் இருப்பவர்களும் தாராளவாதிகள், அவர்களைத் திட்டும் பத்திரிகைகளும் தாராளவாதிகளுடையவை. முத்திரை முறையைத் திரும்பக் கொண்டுவந்தால் மானம் போய்விடும். என்ன செய்வது?

விடை டெபாசிட். பத்திரிகை நடத்தப் பிணைத்தொகை கட்ட வேண்டும், பொறுப்பாசிரியர் ஒருவரைப் பதிவு செய்ய வேண்டும். பொறுப்பாசிரியர் என்றால் இதழில் வரும் எதற்கும் சட்டத்தின் முன் பதில் சொல்பவர். அவருக்குச் சொத்துத் தகுதியும் வேண்டும். 1837-லும் 1840-லும் வந்த சட்டங்கள் இந்த நிபந்தனைகளை இறுக்கின. அரசு எந்தக் கட்டுரையையும் அடிக்கவில்லை. அச்சகத்தின் வாசலில் கட்டணம் வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. பிணைத்தொகை கட்ட முடியாதவன் யார்? தனியாக நிற்கும் எழுத்தாளன். யாரால் முடியும்? பின்னால் கட்சி வைத்திருப்பவரால். கட்சிப் பத்திரிகைகளை அடக்கப் போட்ட விதி, கட்சி இல்லாதவர்களை முதலில் வெளியே தள்ளியது. அந்தச் சட்டங்களிலேயே பெரிய கோளாறாக எனக்குப் படுவது இது.

கோஸ்தா கப்ரால் என்ற வலிமையான அமைச்சரின் காலத்தில் சண்டை உச்சத்துக்குப் போனது. ‘செப்டம்பர் புரட்சி’ என்ற நாளிதழ் 1840 முதல் அவரை விடாமல் துரத்தியது. அதன் முக்கிய எழுத்தாளர் அன்தோனியோ ரொத்ரிகெஸ் சம்பாயோ. 1846-இல் மறுபடி உள்நாட்டுப் போர் மூண்டு பத்திரிகைகள் முடங்கியபோது, அவர் லிஸ்பனிலேயே ஒளிந்திருந்து ‘பேயுரு’ என்ற பொருள்படும் ‘ஒ எஸ்பெக்த்ரோ’ என்ற ரகசிய இதழை அச்சிட்டார். காவலர்களுக்கு அச்சகம் அகப்படவில்லை. இதழ் மட்டும் ஊரெங்கும் கைமாறியது. அரசியையும் விட்டுவைக்காத எழுத்து அது. தேவையான எல்லா அனுமதிகளும் இல்லாமல்!

1850 ஆகஸ்டில் கப்ரால் அரசு கடுமையான பத்திரிகைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பாட்டிலை அடைப்பது போல வாயை அடைக்கும் ‘தக்கைச் சட்டம்’ என்று மக்கள் கேலி செய்தார்கள். மசோதா வந்த உடனேயே எழுத்தாளர்கள் கூட்டாகக் கண்டன அறிக்கை விட்டார்கள். கரெத் கையெழுத்திட்டார், வரலாற்றாசிரியர் அலெக்சாந்த்ரே எர்குலானோவும். அடுத்த ஆண்டு ஆட்சி கவிழ்ந்ததும் புதிய அரசு முதல் வேலைகளில் ஒன்றாக அந்தச் சட்டத்தை நீக்கியது. பிணைத்தொகை போன்ற தடைகள் 1866 மே 17-ஆம் தேதிச் சட்டத்தோடு போயின. ரகசிய அச்சக சம்பாயோ? அமைச்சரானார், 1881-இல் சில மாதங்கள் பிரதமராகவும் இருந்தார்.

சுருக்கமாக: முன் தணிக்கை போன இடத்துக்குப் பணம் வந்தது. அரசும் எதிர்க்கட்சியும் ஒரே கொள்கையைப் பேசிக்கொண்டே பத்திரிகைக்காக மோதின. கட்டணக் கதவு கட்சிகளை விலக்கவில்லை, தனி ஆட்களை விலக்கியது.

நடுநிலை ஒரு தொழிலானது

சரி, நடுநிலைப் பத்திரிகை எப்போதுதான் வந்தது? 1864-இன் கடைசி வாரத்தில் லிஸ்பனில் ‘தியாரியோ த நொத்தீசியாஸ்’ முதல் முறையாக வெளிவந்தது. எதுவார்தோ கொயெல்யோ தொடங்கியது. விலை பத்து ரெய்ஸ். சந்தாவை நம்பாமல் சிறுவர்கள் தெருவில் கூவி விற்றார்கள். அரசியல் வாதம் எழுத மாட்டோம், எல்லோருக்குமான செய்தியைச் சுருக்கமாகத் தருவோம் என்று முதலிலேயே அறிவித்தார்கள். விளம்பரம் காசு கொண்டுவந்தது.

இது கொள்கைக்காக எடுத்த துறவு என்று நினைக்க வேண்டாம். ஒரு கட்சிக்கு எழுதினால் அந்தக் கட்சிக்காரன் மட்டும் வாங்குவான். யாருக்கும் எழுதாவிட்டால் எல்லோரும் வாங்குவார்கள். அதுவரை பத்திரிகையை ஆதரவாளர்களின் பணம் தாங்கியது, இப்போது வாசகனின் சில்லறையும் விளம்பரக்காரரும் தாங்கினார்கள். முதல் இதழ் வந்து இருநூற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இப்படித்தான் நடுநிலை பிறந்தது.

நடுநிலை என்றால் உண்மை என்று அர்த்தமும் இல்லை. 1870-இல் இதே நாளிதழில் ஒரு மர்மமான குற்றத்தைப் பற்றி, ஆசிரியருக்கு வந்த கடிதங்களாக ஒரு தொடர் வந்தது. சின்ட்ரா சாலையில் ஒரு மருத்துவரை முகமூடி அணிந்தவர்கள் கடத்தினார்களாம். நடந்த சம்பவம் போலவே வெளியானது. எழுதியவர்கள் நாவலாசிரியர் எசா த கெய்ரோஸும் அவர் நண்பர் ரமால்யோ ஒர்திகாவும், முழுவதும் கற்பனை.

இந்த எசா நம் விஷயத்துக்கு முக்கியமானவர். 1867-இல், இருபத்தொரு வயதில், எவோரா நகரில் ஓர் எதிர்க்கட்சி இதழைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக எழுதியவர். கட்சிப் பத்திரிகையின் சமையலறை அவருக்கு உள்ளிருந்தே தெரியும். 1888-இல் வந்த ‘ஓஸ் மாயாஸ்’ நாவலில் ஒரு நாளிதழ் அலுவலகக் காட்சி இருக்கிறது. ஒருவன் தன்னைத்தானே இழிவுபடுத்தி எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பிரசுரிக்கும்படி கேட்கிறார்கள். ஆசிரியர் முடியாது என்கிறார். காரணம் நாகரிகம் இல்லை. பெயர்க் குழப்பத்தில், எழுதியவன் தன் கட்சி நண்பன் என்று நினைத்துவிட்டார். அவன் வேறு ஆள் என்று தெரிந்ததும் சந்தோஷமாகப் போட ஒப்புக்கொள்கிறார். கட்சிப் பத்திரிகையைப் பற்றி எத்தனை ஆய்வு எழுதினாலும் இந்த ஒரு காட்சி சொல்வதை மிஞ்சுவது கடினம்.

அவர் படைத்த ஃப்ரதிக் மென்தெஸ் என்ற கற்பனைப் பாத்திரத்தின் கடிதம் ஒன்று இன்னும் நேரடியானது. பத்திரிகை தொடங்கப்போகும் நண்பனை அது கண்டிக்கிறது. அவசரத் தீர்ப்பு, தற்பெருமை, சகிப்பின்மை, இந்த மூன்றையும் செய்தித்தாள் வளர்க்கிறது என்பது அதன் குற்றச்சாட்டு. ஒரு மனிதரைப் பற்றியோ நூலைப் பற்றியோ தெரிந்துகொள்ளும் முன்பே முடிவு சொல்லும் பழக்கம். பேர் அச்சில் வர வேண்டும் என்ற ஆசை. நம் பக்கம் இல்லாதவன் எல்லாம் கெட்டவன் என்ற எண்ணம்.

மசேதோவின் வசையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கட்சிப் பத்திரிகையைத்தான் சாடுகின்றன, சில குறைகள்கூட ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் எசா யாரையும் கூப்பிட்டு அச்சகத்தைப் பூட்டச் சொல்லவில்லை. 1871-இல் லிஸ்பன் கசினோ அரங்கில் இளம் எழுத்தாளர்கள் நடத்திய சொற்பொழிவுத் தொடரை அரசு இழுத்து மூடியபோது, அதில் பேசியவர்களில் அவரும் ஒருவர். தடையின் மறுபக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அவர் கேட்ட மருந்து வாசகனின் அறிவிலும் எழுதுபவரின் கூச்சத்திலும் இருந்தது. அதற்குச் சட்டம் எழுத முடியாது.

நீலப் பென்சிலும் அதற்குப் பிறகும்

அடுத்த அறுபது ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். 1890-இல் ஆப்பிரிக்க நிலம் குறித்துப் பிரிட்டன் விடுத்த இறுதி எச்சரிக்கைக்கு அரசு பணிந்தது. குடியரசுக் கட்சி இதழ்கள் கொதித்தன, அரசு சட்டத்தை இறுக்கியது. 1907-இல் மறுபடி இறுக்கம். 1910-இல் முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. முடியாட்சி ஆதரவு இதழ்களைக் குடியரசும் நிம்மதியாக விடவில்லை.

1926 ராணுவப் புரட்சியோடு முன் தணிக்கை திரும்பியது, நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு. வேண்டாத வரிகளை அடிக்கும் தணிக்கையாளரின் நீலப் பென்சில் இந்தக் காலத்தது. 1933 ஏப்ரலில் வந்த ஆணை அதன் நோக்கத்தை எழுதி வைத்தது: பொதுக் கருத்து சீர்குலையாமல் தடுப்பது, உண்மை, நீதி, ஒழுக்கம், நல்ல நிர்வாகம், பொது நன்மை ஆகியவற்றுக்கு எதிராக அதைத் திசைதிருப்பும் எதிலிருந்தும் காப்பது. பட்டியலில் முதலில் நிற்பது உண்மை. 1642-இல் தடைக்குச் சொன்ன காரணமும் அதுதான். நடை பற்றிய குறை மட்டும் விடுபட்டுவிட்டது.

1974 ஏப்ரல் 25-இல் ராணுவத்தின் இளம் அதிகாரிகள் அந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அன்று மாலை ‘ரெபூப்லிகா’ என்ற எதிர்க்கட்சி நாளிதழ், இந்த இதழை எந்தத் தணிக்கைக் குழுவும் பார்க்கவில்லை என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டது. பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1975 மே மாதத்தில், அதே நாளிதழின் அச்சுத் தொழிலாளர்கள் அலுவலகத்தைக் கைப்பற்றி ஆசிரியரை விலகச் சொன்னார்கள். அவர்களின் புகார், பத்திரிகை சோஷலிஸ்ட் கட்சியின் குரலாகிவிட்டது என்பது. தொழிலாளர்களுக்குப் பின்னால் நிற்பது கம்யூனிஸ்டுகள் என்றார்கள் சோஷலிஸ்டுகள். முத்திரையும் இல்லை, பிணைத்தொகையும் இல்லை. கட்சிப் பத்திரிகை என்ற குற்றச்சாட்டை வைத்தே ஒரு பத்திரிகையை அதன் ஆசிரியரிடமிருந்து எடுக்க முடிந்தது. ஜூலையில் சோஷலிஸ்ட் தலைவர் மாரியோ சோரெஸ் தன் கட்சியோடு தற்காலிக அரசைவிட்டு வெளியேறினார். அவர் சொன்ன முதல் காரணம் ‘ரெபூப்லிகா’.